குழாயைக் கவிழ்த்துக் காட்டிய சிஸ்டருக்கு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவைக் கண்ணாடி விரியன் பாம்பு கடித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், நடந்ததை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இரவு டியூட்டியில் இருந்த அந்த சிஸ்டர். கண்ணாடி விரியன் விஷம், இரத்தத்தை உறையவைக்கும் சத்தை உடம்புக்குள்ளேயே தூண்டிவிட்டுத் தீர்த்துவிடுமாம், அப்புறம் ஊசி குத்திய இடத்தில்கூட இரத்தம் நிற்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மிஷின் ஒன்றும் இல்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். முதல் குழாயில் அப்படியே ஓடியது. விஷமுறிவு மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள், கல்லீரல் அந்தச் சத்தைத் திரும்பச் செய்ய அவ்வளவு நேரம் வேண்டுமாம். அப்போதும் கட்டவில்லை. மறுபடி மருந்து. யாரையும் கேட்கத் தைரியம் இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் சிஸ்டரே என்னைத் தேடி வந்தார், கையில் குழாய். "தம்பி, இங்க பாரு" என்று என் கண்ணெதிரே கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "கட்டிடுச்சு. போய் டீ குடி."

கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

அம்மாவை ஓரடிகூட நடக்கவிடாமல் தூக்கி வந்தவர்கள், கால் வீங்குவதற்குள் மெட்டியைக் கழற்றிய பக்கத்து வீட்டு அக்கா, கயிறு கட்டாதே, பிளேடு வைக்காதே என்று சண்டை போட்ட மாமா, குடியாத்தத்திலிருந்து வேலூர்வரை ஓட்டி வந்து காசு வாங்க மறுத்த வண்டிக்கார அண்ணன், மாட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், இந்த விஷம் கிட்னியையும் கெடுக்கும் என்று ஒவ்வொரு தடவையும் சிறுநீரை அளந்து எழுதிய வார்டுக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. மருந்து தயாரிக்கப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கும், சென்னைப் பக்கத்து வடநெம்மேலி இருளர் பழங்குடி மக்களுக்கும், அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் வாங்கி எதிர்ப்புச் சக்தி தந்த குதிரைகளுக்கும். குதிரைக்கெல்லாமா நன்றி என்று மாமா சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

இந்த முறை எங்கள் கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்க வருகிறவர்களுக்குக் கூலியோடு முட்டிவரைக்கும் பூட்ஸும் நான் வாங்கித் தருவேன். வேர்க்குது என்று கழற்றி வரப்பில் வைப்பார்கள், தெரியும். நின்று போட வைப்பேன்.