தீவுகளுக்குக் கம்பியில்லா மின்சாரமா?

ஆசிரியருக்கு,

நெடுந்தீவுக்குக் கம்பியில்லாமலே மின்சாரம் அனுப்பலாமே என்கிறார்கள். அனுப்பலாம், அளவுதான் இடிக்கிறது. அதற்கு மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றி அன்ரெனாவால் அனுப்பவேண்டும். 2.45 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலையின் அலைநீளம் 12 சென்ரிமீற்றர். தூரத்தை 10 கிலோமீற்றர் என்று வைத்தாலும், அலை விரிந்து வீணாகாமல் சேர இரு கரையிலும் ஏறத்தாழ 55 மீற்றர் விட்டமுள்ள அன்ரெனா வேண்டும். ஒன்றைப் பாதியாக்கினால் மற்றது இரட்டிக்கும். 1975இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோனில் 1.5 கிலோமீற்றருக்கப்பால் 30 கிலோவாற்று பெறவே 26 மீற்றர் அன்ரெனா தேவைப்பட்டது.

கைத்தொலைபேசிக்குக் கம்பியில்லாமல் மின்னேற்றுவது சரிவரும்; அது நுண்ணலையால் அல்ல, காந்தப்புலத்தால் நடப்பது. ஆனால் மின்னேற்றியிலும் தொலைபேசியிலும் உள்ள இரு செப்புச் சுருள்களும் சில மில்லிமீற்றர் இடைவெளியில் நேருக்கு நேர் இருக்கவேண்டும். உறைக்குள் உலோகத் தகடு இருந்தால் அதுதான் சூடாகும், பற்றரி ஏறாது. ஒத்திசைவுச் சுருள்களால், அதாவது ஒரே அதிர்வெண்ணுக்கு இசைத்த சுருள்களால், 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2 மீற்றருக்கு 60 வாற்று அனுப்பினார்கள். அதற்காகக் கொடுத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் வீணாய்ப் போயிற்று.

வாசகர்,
யாழ்ப்பாணம்