அலமாரியில் கிடந்த மாத்திரை அட்டை

கும்பகோணம்

அன்புள்ள கண்மணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை. மற்றதை நேரில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஐசோட்ரெட்டினாயின், 20 மில்லிகிராம். முகப்பருவுக்குத் தரும் மருந்தாம். உன் பொருளைத் துழாவினேன் என்று நினைக்காதே; அலமாரியில் போர்வையை எடுத்தபோது கீழே விழுந்தது. மருந்துக்கடையில் விசாரித்து, பெட்டிக்குள் வைக்கும் தாளையும் வாங்கி வந்தேன். அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படித்தேன்.

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. ரசத்தை வாயில் வைத்ததும் உதட்டைப் பொத்திக்கொண்டாயே, காரம் கூடிவிட்டது என்றல்லவா நினைத்தேன். தலையணை உறையில் மூக்கு ரத்தம் பொட்டுப் பொட்டாக இருந்தது. மின்சாரம் போன இரவு, பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய திண்ணைப் படியிலேயே தடுக்கி விழுந்தாய். இருட்டில் பார்வை மங்கும் என்று தாளில் போட்டிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை செய்தாயா? கல்லீரலையும் ரத்தக் கொழுப்பையும் பார்க்க வேண்டுமாம். நான் வாங்கித் தந்த காட்லிவர் மீன் எண்ணெய் மாத்திரையைத் தொடாதே. அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. இந்த மருந்தும் அந்த இனம்தானாம். கருவுக்கு ஆகவே ஆகாது, நிறுத்திய பிறகும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்கிறது தாள். வைகாசியில் முகூர்த்தம் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

1982-லேயே அமெரிக்காவில் அனுமதித்த மருந்து, எல்லோருக்கும் எல்லாம் வராது என்று கடைக்காரர் தைரியம் சொன்னார். ஆனால் தாளில் ஒரு வரியை அப்பாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. மனச்சோர்வு, காரணமில்லாத அழுகை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். நீ போனில் ‘ம், சரிம்மா’ என்று வைத்துவிடுகிறாய். வேலை அதிகம் என்கிறாய். வேலைதானா, கண்ணே? ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

இவ்வளவு பெரிய மருந்தை எங்களிடம் சொல்லாமல் சாப்பிடலாமா என்று கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். எப்படிச் சொல்லியிருப்பாய்? சித்தி மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது உன்னைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னவள் நான். நீ ஒன்றும் பேசாமல் நகர்ந்தாய். ஆல்பத்தில் உன் நெற்றி மட்டும் தெரிகிறது. ஜாதகத்தோடு அனுப்பிய படத்தில் பருக்களை அழிக்கச் சொல்லி ஸ்டூடியோவில் பணம் கட்டியதும் நான்தான். நீ வேலையில் சேர்ந்ததைத் தெரு முழுக்கச் சொன்ன இதே வாய், நீ கண்ணாடி முன் நின்றபோதெல்லாம் ‘என்ன முகமடி இது’ என்றது. டாக்டர் சீட்டு எழுதினார். உன்னை அங்கே அனுப்பியது என் பேச்சு. என்னை மன்னித்துவிடு.

வெள்ளிக்கிழமை இரவு உழவன் எக்ஸ்பிரஸில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இருவரும் டாக்டரிடம் போவோம். மனம் கனக்கிறது என்றால் அதுவரை பொறுக்காதே. உடனே டாக்டருக்குச் சொல். நடுச்சாமம் ஆனாலும் எனக்குப் போன் செய். தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா