ஒரு திருத்தம் வேண்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இளைஞர்கள் ஏன் பத்திரிகைத் துறைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வகுப்பில் எல்லோரும் படித்தோம். குறைந்த சம்பளம், நேரம் காலம் பார்க்க முடியாத வேலை, அந்த வேலையும் நிலைக்குமா என்ற பயம் என்று கட்டுரையாளர் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டது 1974-ல் என்று அச்சாகியிருக்கிறது. அது நடந்தது 1972 ஜூன் 17. அந்த விவகாரத்தால் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியதுதான் 1974 ஆகஸ்ட்டில்.

வெறும் வருடக் கணக்குக்காகவா கடிதம் என்று தோன்றலாம். முதலில் சாதாரணத் திருட்டு முயற்சி போலத் தெரிந்த ஒரு விஷயத்தை வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் தொடர்ந்ததுதான் அந்தச் செய்தியின் பெருமை. கட்டுரையில் உள்ளபடி படித்தால் அந்த உழைப்பு முழுவதும் காணாமல் போய்விடுகிறது. இந்த வருடம் பிடித்தார்கள், இந்த வருடமே அதிபர் இறங்கினார் என்று ஆகிவிடுகிறது. இந்தத் துறைக்கு வரலாமா என்று யோசிக்கிற ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதே அந்த இரண்டு வருடங்களைத்தான்.

அடுத்தவர் பிழையைச் சுட்டுவதற்கு முன்னால் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். கடந்த விடுமுறையில் ஒரு செய்தித் தளத்துக்கு ஒரு மாதம் பயிற்சிக்குப் போனேன். பிற தளங்களில் வந்த செய்தியை எடுத்து, வரிகளை மாற்றி, புதுத் தலைப்பு வைத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. யாரிடம் கேட்டு உறுதி செய்தேன் என்பதற்கு மட்டும் கணக்கே கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு விபத்துச் செய்தியில், இறந்தவரின் படம் என்று அதே பெயருள்ள வேறொருவரின் படத்தைப் போட்டுவிட்டேன். முகநூலில் தேடி எடுத்தது. ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் தெரிந்திருக்கும், நான் செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் படத்தில் இருந்தவரின் தங்கை அழைத்தார். அண்ணன் வேலையிடத்தில் நலமாக இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எங்களை அழைத்தாராம். அப்படியும் அழுகை நிற்கவில்லை. உடனே படத்தை எடுத்துவிட்டோம். தவறான படம் வெளியாகிவிட்டது, வருந்துகிறோம் என்று கீழே ஒரு வரி சேர்க்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். "எடுத்தாச்சுல்ல, நாமே எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? அடுத்ததைப் பாரும்மா" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நான்கைந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அதற்குள் அந்தப் படம் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயிருந்ததோ! அங்கெல்லாம் அந்த அண்ணன் இன்னும் இறந்தவர்தான்.

அவசரம் இணையத்தோடு வந்த நோய் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. முடிவு வருவதற்குள் கணிப்பை நம்பித் தலைப்பு வைத்துவிட்டார்கள். ஜெயித்த ட்ரூமன் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படத்தைப் பார்க்காத இதழியல் மாணவர் இருக்க மாட்டார். அந்தப் பிழைக்குச் சாட்சியாக ஒரு காகிதம் இருந்தது. என் பிழைக்கு எந்தச் சாட்சியும் இல்லை. சுவடே இல்லாமல் மாற்றிவிட முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சொன்னால் திருத்துவார்கள் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் வாசகரும் சொல்வதை நிறுத்திவிடுகிறார். ஜேசன் பிளேர் என்ற தன் நிருபரின் மோசடியைப் பற்றி 2003 மே 11 அன்று நியூயார்க் டைம்ஸ் தானே முதல் பக்கத்தில் தொடங்கி விரிவாக எழுதியது. முந்தைய அக்டோபர் முதல் அவர் எழுதிய 73 செய்திகளில் குறைந்தது 36-ல் சிக்கல் இருந்தது. ஈராக்கில் பிடிபட்டு மீட்கப்பட்ட ஒரு படைவீராங்கனையின் வீட்டுத் திண்ணையிலிருந்து புகையிலை வயல் தெரிவதாக அவர் எழுதியிருந்தார். அங்கே அப்படி எதுவும் இல்லை. குடும்பத்தார் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள், பத்திரிகையிடம் சொல்லவில்லை. எவ்வளவோ பொய்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், இந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது. பத்திரிகை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு குடும்பம் விட்டுவிட்டதே!

என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டால் டெஸ்க், அதாவது செய்தியைச் சரிபார்த்துத் திருத்துகிற பிரிவு என்று சொல்கிறேன். கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். டிவியில் வரவில்லையா, பெயர் போட்டு எழுதவில்லையா என்கிறார்கள். நிருபர் அனுப்பியதை வரிவரியாகப் பார்த்து, இது யார் சொன்னது, இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, அப்புறம் எதிர்த்தரப்பிடம் கேட்டீர்களா என்று கேட்கிற அந்த நாற்காலியில் உட்காரத்தான் எனக்கு ஆசை. அங்கே இருப்பவர் பெயர் எங்கும் வராது. ஆள் குறைக்கும்போது முதலில் போவதும் பெரும்பாலும் அந்த நாற்காலிதான்.

டெஸ்க் இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரியும். ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழில் தகவல் சரிபார்க்கவே பெரிய தனிப் பிரிவு இருந்தது. அதையும் தாண்டி அதன் நிருபர் கிளாஸ் ரெலோட்டியுஸ் வருடக்கணக்கில் கற்பனையைச் செய்தியாக எழுதினார். அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுத நேர்ந்த ஹுவான் மொரேனோவுக்குச் சந்தேகம் வந்தது. சொன்னபோது மேலிடம் நம்பவில்லை. விருது மேல் விருது வாங்கியவரைச் சந்தேகிக்கிறாயா என்ற நிலைமை. ரெலோட்டியுஸ் பேட்டி எடுத்ததாக எழுதியிருந்தவர்களை மொரேனோ நேரிலேயே போய்ப் பார்த்தார். அவர்கள் ரெலோட்டியுஸைச் சந்தித்ததே இல்லை. 2018 டிசம்பரில் ஸ்பீகல் தானே உண்மையை வெளியிட்டது. தன் வேலையே போகலாம் என்ற நிலையிலும் கேட்ட அந்த மனிதரைப் போல ஒருவர் அலுவலகத்துக்கு ஒருவராவது வேண்டும். அப்படிக் கேட்பவரைத் தொந்தரவு என்று நினைக்காத ஆசிரியரும் வேண்டும்.

லண்டன் கார்டியன் 1997-ல் வாசகர்களின் புகார்களைக் கேட்டு விசாரிக்க வாசகர் ஆசிரியர் என்று ஒருவரை நியமித்து, திருத்தங்களுக்குப் பத்திரிகையில் நிலையான ஓர் இடம் கொடுத்தது. உங்கள் இதழில் திருத்தம் எப்போதாவது வருகிறது. ஒரு முறை விளம்பரத்துக்குக் கீழே பார்த்தேன், இன்னொரு முறை கடைசிப் பக்கத்தில். ஒவ்வொரு இதழிலும் ஒரே பக்கத்தில், பொருளடக்கத்திலேயே பெயர் போட்டு, திருத்தங்களுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இதழில் பிழையே இல்லை என்றால் தலைப்பை மட்டும் போட்டு இடத்தைக் காலியாக விடுங்கள். இணையப் பதிப்பில் எதை, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று கட்டுரையின் அடியிலேயே எழுதுங்கள்.

வாட்டர்கேட் தேதியிலிருந்து தொடங்கலாம். கட்டுரை வந்தது 14-ஆம் பக்கம், இரண்டாவது பத்தி.

அன்புடன்,
ஓர் இதழியல் மாணவி