மதியக் கச்சேரிக்கு வா

மந்தைவெளி, சென்னை
கார்த்திகை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது கைத்தடி இல்லாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மழை இன்னும் விடவில்லை. மெட்ரோ ரயில் வேலைக்காக மயிலாப்பூரில் பல தெருக்களை மறித்துவைத்திருக்கிறார்கள். லஸ் முனைக்கு எந்த வழியாகப் போவது என்று அடிக்கடி புதிதாக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

மார்கழி இசை விழாக்களுக்கு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? டிசம்பர் 20-க்குள் வந்து சேர். நாள் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 22-ஆம் தேதி மதியம் எங்கள் கீழ் வீட்டுப் பெண் முதன்முதலாக ஒரு சபாவில் பாடப்போகிறாள்.

பத்தொன்பது வயது அவளுக்கு. விடிகாலை ஐந்தரைக்குப் பாட்டுச் சாதகம் தொடங்கிவிடும். நான் பாலை அடுப்பில் வைக்கும்போது அவள் பைரவி ராக வர்ணத்தில் இருப்பாள். இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வர்ணத்தின் ஸ்வரப் பகுதியான சிட்டைஸ்வரத்தின் நடுவே ஓரிடத்தில் மூச்சுப் போதாமல் இடறும். உடனே நிறுத்திவிடுவாள். சுருதிப் பெட்டி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். பிறகு சிட்டைஸ்வரத்தை முதலிலிருந்து எடுப்பாள். மூன்று மாதமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு நாள் இடறாமல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். நான் அடுப்பை மறந்து ஜன்னலோரம் நின்றுவிட்டேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

அவளுக்குக் கிடைத்திருப்பது ஒன்றேகால் மணி நேரம், பன்னிரண்டு மணிக் கச்சேரி. அந்த நேரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். சென்ற ஆண்டு இப்படியொரு மதியக் கச்சேரியில் தலைகளை எண்ணினேன். பதினான்கு பேர். அவர்களிலும் ஐந்து பேர் பாடியவரின் வீட்டார். மிருதங்கம் வாசித்தவன் மீசை அரும்பும் வயதுப் பையன். திரை விலகுவதற்கு முன்பே ஓரமாக உட்கார்ந்து, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பினான். தட்டிப் பார்ப்பான், கொஞ்சம் கிள்ளி எடுப்பான், மறுபடி தட்டுவான். கும்கி என்னும் அந்த அடிநாதம் தான் நினைத்தபடி பேசும்வரை அவன் விடவே இல்லை. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நாதம். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் நான்கு பேர் எழுந்து கேண்டீனுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போவதை அவன் பார்த்தான். அதற்குப் பிறகும் முடிவுக்கு வரும் மோரா என்னும் சொற்கட்டைக் கணக்குப் பிசகாமல் வைத்து முடித்தான். நான் கைவலிக்கத் தட்டினேன். பெரிய அரங்கில் என் கைத்தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது எனக்கு இன்றுவரை மனத்தை உறுத்துகிறது.

மாலைக் கச்சேரிகளுக்கும் போவோம். மியூசிக் அகாதெமிக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாக மகன் சொல்லியிருக்கிறான். அங்கே காலை வேளைச் செயல்முறை விளக்க உரைகளையும் விடக் கூடாது. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் உருவான எண்ணம்தான் அடுத்த ஆண்டு அகாதெமியாக ஆயிற்று. இசையைப் பற்றிப் பேசுவது அங்கே தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. நீ வீணை படித்தவள், என்னைவிட உனக்கு அதில் கூடுதலாகக் கிடைக்கும். சில சபாக்களில் ஒலிபெருக்கியைத் தாங்க முடியாத அளவுக்கு வைக்கிறார்கள். தம்பூராவும் வயலினும் ஒரே இரைச்சலாகிவிடுகின்றன. அப்படிப்பட்ட இடங்களை நான் கவனித்துவைத்திருக்கிறேன். அங்கே உன்னை அழைத்துப் போக மாட்டேன்.

காலி நாற்காலிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1931 ஞாபகம் வரும். அந்த ஆண்டு இ. கிருஷ்ணய்யரின் முயற்சியால் மியூசிக் அகாதெமி சார்பில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரும் ஆடினார்கள். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிராட்டத்தைக் கேவலமாகப் பேசிய காலம் அது. கூட்டம் வரவில்லை. 1933-இல் அதே சகோதரிகள் மறுபடி ஆடியபோது அரங்கு நிறைந்தது. முதல் நாள் வந்து உட்கார்ந்த அந்தச் சிலரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. 1973-இல் பாலசரஸ்வதிக்கு அதே அகாதெமி சங்கீத கலாநிதி கொடுத்தது. ஆடற்கலைஞர் ஒருவருக்கு அந்த விருது போனது அதுவே முதல் முறை.

நடனத்துக்கு உன்னைத் திருவான்மியூருக்கு அழைத்துப் போகிறேன். பறக்கும் ரயிலில் ஏறினால் சில நிலையங்கள்தான், பிறகு ஆட்டோ. ருக்மிணி தேவி தொடங்கிய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவின் கலைவிழா அப்போது நடந்துகொண்டிருக்கும். அவர் ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தாரே, அவற்றில் ஒன்று இருந்தால் அந்த மாலையை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. ஜனவரி முதல் வாரம்வரை இருக்க முடிந்தால் அகாதெமியின் நடன விழாவையும் பார்த்துவிடலாம்.

அதே ரயிலில் எதிர்த்திசையில் போனால் கோட்டை நிலையம். அங்கிருந்து ராஜா அண்ணாமலை மன்றம் பக்கம். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் இசைவிழாவும் டிசம்பரில்தான். தேவாரப் பண்களுக்கென்று அங்கே ஆண்டுதோறும் பண் ஆராய்ச்சி நடத்துகிறார்கள். ஓதுவார் ஒருவர் பாடக் கேட்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? எந்த நாளில் என்று அழைப்பிதழ் வந்ததும் சொல்கிறேன்.

இன்னொன்று. நீலம் பண்பாட்டு மையம் 2020-இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? கானாவும் பறையும் ஒப்பாரியும் இந்த மாதத்தில் மேடையேறுகின்றன. மேடையில் ஓர் அம்மா ஒப்பாரி பாடக் கேட்டேன். எங்கள் பாட்டி இறந்த அன்று வாசலில் மாரடித்துப் பாடிய பெண்களின் குரல் அப்படியே திரும்பி வந்தது. அன்று அவர்களுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தோமா என்றுகூட எனக்கு நினைவில்லை. இசை என்று அதை நாங்கள் யாரும் நினைத்ததில்லை. மார்கழி இசை என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. இந்த ஆண்டு நாள் அறிவித்ததும் நாம் இருவரும் போகிறோம்.

நாடகத்துக்கு நீ இன்னொரு முறை வர வேண்டும். கோடை நாடக விழா ஏப்ரல், மே மாதங்களில். கூத்துக்கும் அதுதான் காலம். போன சித்திரையில் செய்யாறு பக்கம் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தேன். அறுவடை முடிந்த வயலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தோம். வேடம் கட்டும் இடத்தில் துரியோதனன் ஒரு சிறிய கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, வலப்பக்க மீசையை மூன்று முறை அழித்து எழுதினார். பிறகு தோளணியான புஜக்கட்டைகளை இறுக்கிக் கட்டியதும் ஆளே மாறிவிட்டார். திரைக்குப் பின்னால் அவர் கால் சலங்கை கேட்டதும் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்தது. முகவீணை என்னும் சிறிய ஊதுகருவி அந்த இருட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. நாடகாசிரியர் ந. முத்துசாமி இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாடகத்தை வேறு விதமாக எண்ணத் தொடங்கினார், 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார் என்பதை முன்பு படித்திருக்கிறேன். அந்த வயலில் உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. இரவெல்லாம் தரையில் உட்கார உன் முழங்காலுக்கு அதற்குள் தெம்பு வர வேண்டும். நாற்காலியும் எடுத்துப் போகலாம்.

ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கும்படி இப்போதே பதிவு செய்துவிடு. மெல்லிய சால்வை ஒன்று கொண்டுவா, அரங்குகளில் குளிர்சாதனம் அதிகம். மாலை நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று நீயே முடிவு செய், எனக்குச் சம்மதம். 22-ஆம் தேதி மட்டும் என்னுடையது. அன்று சாப்பாட்டைப் பதினொரு மணிக்கே முடித்துக்கொண்டு கிளம்புவோம். இரண்டாவது வரிசையில் நடுவில் உட்கார வேண்டும். நீ தாளம் போடும்போது அந்தப் பெண்ணுக்கு உன் கை தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி