பழனிக்கு, உகாண்டாவின் லிராவிலிருந்து

அன்புள்ள பழனி,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பேத்தி மொட்டை போட்ட போட்டோ பார்த்தேன். அப்படியே உன் ஜாடை, பாவம்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "ஆப்பிரிக்காவுக்குக் குடுத்த உதவிக் காசை அமெரிக்காக்காரன் நிறுத்துனதுல என்னடா குடி முழுகிப் போச்சு? அம்பது வருசமாக் கொட்டியும் அவங்க ஏழையாத்தானே இருக்காங்க?" என்று. பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மீதிக்குச் சண்டை போட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு கிராமத்தில் அடிபம்பைக் கழற்றினோம். மேலே இருந்த தலையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஊர் அடிபம்பு, இந்தியா மார்க் 2! இங்கே அதற்கு யு2 என்று பேர். முக்காலி நட்டு, கிளாம்ப் போட்டு, ஒவ்வொரு பைப்பாக மேலே இழுத்தோம். நாலாவது பைப் மரையோடு கையில் பிய்ந்து வந்தது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தானே இந்த ஜிஐ பைப், அது பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. இந்தப் பக்கம் நிறைய இடத்தில் நிலத்தடித் தண்ணீரில் அமிலம் அதிகம், பிஹெச் 6.5க்குக் கீழே. அது துத்தநாகப் பூச்சை முதலில் தின்கிறது, அப்புறம் இரும்பை. தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். அதில் டீ போட்டால் மை மாதிரி கறுத்துப் போகிறது. வெள்ளைத் துணி காவியாகிறது. பெண்கள் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு பழையபடி சதுப்புக் குட்டைக்கே போய்விட்டார்கள். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது, குடிக்கத்தான் ஆளில்லை. கணக்கில் மட்டும் அந்த ஊருக்குக் 'குடிநீர் கொடுத்தாயிற்று'.

இதே கதை நம்மிடமும் நடந்ததுதானே. 1967 பஞ்சத்துக்குப் பிறகு யூனிசெஃப் பாறையைத் துளைக்கும் ரிக்கைக் கொண்டுவந்து கொடுத்தது. குழி போட்டாயிற்று. மேலே வைத்ததோ, வெளிநாட்டில் ஒரு குடும்பம் அடிக்கிற வார்ப்பிரும்புப் பம்பு. அதை ஊரே வரிசையில் நின்று அடித்தால்? 1974இல் எண்ணிப் பார்த்தபோது நாலில் மூன்று பம்பு ஓடவில்லை. அப்போதும் சோலாப்பூர் பக்கம் ஒரு மாதிரி மட்டும் தாக்குப்பிடித்தது. அதை வடிவமைத்தவர் தானாகவே தொழில் கற்ற ஒரு மெக்கானிக். யூனிசெஃப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மெட்ராஸ் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியில் மாதிரி செய்து, நம்ம கோயமுத்தூர் பக்கத்து ஊர்களில் அடித்துப் பார்த்துத்தான் மார்க் 2 பிறந்தது. பணமும் கூடவே நின்ற இன்ஜினியர்களும் வெளியே இருந்து வந்தார்கள். எது உடையும் என்கிற அறிவு உள்ளூர்ப் பட்டறையில் இருந்தது. உதவி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு நேர் எதிர் கதையும் உண்டு. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் என்று 'பிளேபம்ப்' ஒன்று தென்னாப்பிரிக்காவில் கிளம்பியது. 2006இல் அமெரிக்காவில் மேடை போட்டு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 நடுவதாகப் பேச்சு. சொன்ன அளவு தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று லண்டன் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது! மொசாம்பிக்கில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிழவிகள் அந்த ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சாதாரண அடிபம்பைப் போல நாலு மடங்கு விலை வேறு. நீ திட்டுவது இந்த மாதிரிக் கூத்தை என்றால் நானும் உன் கட்சி.

ஆனால் யுஎஸ்எய்ட், அதான் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம், அதன் விஷயம் அப்படியில்லை. 2025 ஜனவரி 20இல் உதவியை நிறுத்திவைத்து டிரம்ப் கையெழுத்து, ஜூலை 1இல் கடையே மூடல். கென்னடி 1961இல் திறந்தது. என் பக்கத்து வீட்டுப் பெண் எச்ஐவி நோயாளிகளை வீடு வீடாகப் பார்த்து வருகிறவள். ஒரு நாள் காலையில் போனில் மெசேஜ்: வேலையை நிறுத்து. அவ்வளவுதான். அந்த மாத்திரையை நாள் தவறாமல் போட வேண்டும், உனக்குத் தெரியும். பம்பு உடைந்தால் குட்டைக்குப் போகலாம், மாத்திரைக்கு எந்தக் குட்டைக்குப் போவது? கொஞ்சம் கொஞ்சமாக இவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு விலகியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஏணியில் ஏற்றிவிட்டு ஏணியைப் பிடுங்கினார்கள்.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று 1970இல் ஐநாவில் தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் அமெரிக்கா அதைத் தொட்டதே இல்லை. ரொம்பக் கொட்டிவிட்டார்கள் என்று நீ சொல்கிறாயே, அதனால் சொன்னேன்.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மார்க் 2 நம்ம கிணற்றுக்குச் செய்தது. ஆப்பிரிக்காவில் தண்ணீர் எப்படி என்று பார்க்காமல் அதே ஜிஐ பைப்போடு அனுப்பினார்கள், இவர்களும் வாங்கினார்கள். உகாண்டா அரசே கடைசியில் ஜிஐ பைப் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது நாங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுகிறோம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். குழி தோண்ட எல்லாரும் காசு தருவார்கள், திறப்பு விழாவில் பெயர்ப்பலகை உண்டு. பைப் மாற்றுவதற்கு எவன் பலகை வைப்பான்?

நாங்கள் பம்பு கழற்றிய ஊரின் தண்ணீர்க் கமிட்டிப் பொருளாளர் ஒரு பாட்டி. வீட்டுக்கு ஆயிரம் ஷில்லிங் வசூல். பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டை எடுத்துக் காட்டினார். மூன்று வருடக் கணக்கு, வாஷர் வாங்கிய ரசீதுகூடப் பின் குத்தி வைத்திருக்கிறார். "வாஷர் அடிக்கடி தேயுது, உங்க ஊர்ல எத்தனை மாசம் வரும்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

1983இலிருந்து மார்க் 2க்கு அடுத்த மார்க் 3க்காக நம் ஊர்களில் சோதனை நடந்தபோது நீ தினமும் எழுதிய நோட்டு உன் பரணில் இருக்கிறதா? தேய்ந்த வாஷரை ஒட்டிவைத்துப் பக்கத்தில் தேதி போட்டிருப்பாயே, அந்தப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த வியாழக்கிழமை அந்த ஊருக்கு மறுபடியும் போகிறேன், அதற்குள் வந்தால் தேவலை.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சண்முகம்