பாய்க்குச் சொல்லியாச்சு, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கிறேன் என்று எழுதியிருந்தாய். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் கடைசிப் பந்திக்கு நீ ஓடிய ஓட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பிசியோதெரபிக்கு வரும் பெண் சொல்வதைக் கேள். அவளிடம் உன் பேங்க் மேனேஜர் அதிகாரத்தைக் காட்டாதே.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. பேத்தி கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் சொல்லச் சொல்லியிருந்தாய். சொல்லியாகிவிட்டது. ஆனால் அதே வாரத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. ஒன்றை எழுதி மற்றதை விட மனசு வரவில்லை. அதனால் நான்கு நாள் பேனாவை மூடியே வைத்திருந்தேன்.

முதலில் பாய்.

நானும் உன் தங்கச்சியும் காலையிலேயே பஸ் ஏறினோம். டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. 2021-லிருந்து இதை ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை சொல்லிக் காட்டிவிடுகிறாள். வழியில் ரோட்டோரம் பானை விற்ற ஒரு வேளாரிடம் பொங்கல் பானை இரண்டு வாங்கினோம். குளத்து மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறதே, இப்போது கஷ்டம் இல்லையே என்று கேட்டேன். "மண்ணு சும்மாதான் சார். மண்ணு எடுக்கதுக்குத் தாளு வேணும்லா, அதுக்குத்தான் துட்டு" என்றார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

பத்தமடை உனக்குத் தெரியாத ஊர் இல்லை. ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் என்று மெயின் ரோட்டில் இறங்கியதுமே தெரிந்துவிடும். பாய் நெய்கிற வீடுகளுக்கு உள்தெருவில் விசாரித்துத்தான் போக வேண்டும். முக்கால்வாசி முஸ்லிம் வீடுகள், நெய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். முன்பு தெரு முழுக்கக் கோரை காயும். இப்போது அங்கங்கே ஒரு வாசலில்தான் பார்த்தேன். புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்துதான் பாய் போனது என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ராணிக்கு ஒரு பாய் போதும். தெரு பிழைக்க எத்தனை பாய் வேண்டும் என்பதுதான் கேள்வி.

நாங்கள் போன வீட்டில் ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மாவும் அவர் மருமகளும் தறியில் இருந்தார்கள். தறி என்றால் நீ காஞ்சிபுரம் பட்டுத் தறி மாதிரி நினைத்துக்கொள்ளாதே. தரையோடு தரையாக, நான்கு முளை அடித்து, இரண்டு மூங்கிலுக்கு நடுவே பாவு, அதாவது நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டியிருக்கிறது. நடுவில் பாவைத் தூக்கிப் பிடிக்க மூன்று மூங்கில் கால். அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, சத்தமும் அதிகம் கிடையாது. அந்த அம்மா ஒரு நீளமான குச்சியில் கோரையை மாட்டிப் பாவுக்குள் ஒரு பக்கத்திலிருந்து விடுகிறார், மறுபக்கம் இழுக்கிறார், இழையை நெருக்குகிற அச்சுக் கட்டையை இழுத்து ஒரு தட்டுத் தட்டுகிறார். மறுபடி அடுத்த இழை. நான் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் ஒரு விரல் அகலம்கூட ஏறவில்லை.

அவ்வளவு மெல்லிசு அந்தக் கோரை. பச்சைக் கோரையை அறுத்து, வெயிலில் காய வைத்து, கட்டுக் கட்டாகத் தண்ணீரில் ஒரு வாரம் போல அமுக்கி வைக்கிறார்கள். ஊறி உப்பிய பிறகு எடுத்து மறுபடி காயப் போடுகிறார்கள். அப்புறம் கத்தியால் நீளவாக்கில் கிழித்து, உள்ளே இருக்கிற சோற்றை நீக்கி, தோலை மட்டும் இழை இழையாக எடுக்கிறார்கள். சாதாரணப் பாய்க்கு இரண்டு மூன்றாகக் கிழித்தால் போதும். பட்டுப் பாய்க்கு நூல் மாதிரி ஆகிறவரை கிழிக்க வேண்டும். மருமகள் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கத்தியில் இல்லை. டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. விரலே பார்த்துக்கொள்கிறது.

முன்பெல்லாம் தாமிரபரணிக் கரையிலேயே கோரை கிடைக்குமாம். இப்போது கரூர், முசிறிப் பக்கத்திலிருந்து லாரியில் வருவதும் உண்டு என்றார். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். கிழக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம். "கோரைக்குத் தண்ணி வேணும் அண்ணாச்சி, ஆனா காஞ்ச பொறவு ஈரம் ஆவாது" என்றார். மழை மாதத்தில் நெய்தால் பூஞ்சை பூத்துக் கறுத்துவிடும், ஆகவே முகூர்த்த தேதியிலிருந்து பின்னால் எண்ணி இப்போதே ஆரம்பித்தால்தான் சரிவரும் என்று சொன்னார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

பாயில் பாவு நூல் எத்தனை என்பதுதான் விலை. அதைக் கவுண்ட் என்கிறார்கள். 50 கவுண்ட் என்றால் சாதா. 100-ஐத் தாண்டினால் பட்டுப் பாய். மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். உனக்கு 120-ல், நடுவில் அரக்குச் சிவப்பும் ஓரத்தில் பச்சையும், ஒரு முனையில் பெண் பெயரும் மறு முனையில் மாப்பிள்ளை பெயரும் சொல்லியிருக்கிறேன். 9,000 ரூபாய் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூச்சமே இல்லாமல் 7,000-க்குக் கேட்டேன். அவர் கோரை விலை, பட்டு நூல் விலை, சாயம் எல்லாம் சொன்னார். நான் எழுந்து செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை காட்டினேன். உன் தங்கச்சி என்னை முறைத்தாள். கடைசியில் 8,000-க்கு முடிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, மாப்ளேக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அடுத்த காரியம்.

மாமனார் வழியில் உன் தங்கச்சிக்கு வந்த 17 சென்ட் நிலம் உனக்குத் தெரியும். எந்தத் தாலுகா, எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. உனக்குத் தெரிந்தால் போதும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. கூட்டுப் பட்டாவைப் பிரித்து இவள் பேருக்குத் தனிப் பட்டா வாங்க வேண்டும். உட்பிரிவு என்பதால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டேன். ஃபோனுக்கு மெசேஜ் வந்தது. பரவாயில்லையே, காலம் மாறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு மெசேஜ்: நிராகரிக்கப்பட்டது. காரணம், ஆவணம் போதவில்லை. எந்த ஆவணம்? அது மெசேஜில் இல்லை. நேரில் போனேன். சர்வேயர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார். மறுநாளும் ஃபீல்டு. ஊரில் உள்ள நிலத்தையெல்லாம் அவர் அளந்துகொண்டிருக்கிறார், எங்கள் நிலத்தைத் தவிர.

மூன்றாம் நாள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அலுவலக ஆள் இல்லை. ஆனால் அலுவலகத்தில் எந்த மேஜையில் எந்தக் கட்டு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மிரட்டலே இல்லை. சொந்தக்காரர் மாதிரி வெயிலைப் பற்றிப் பேசினார், சுகர் எவ்வளவு என்று கேட்டார். "நீங்க வாத்தியார், அலையக் கூடாது சார்" என்றார். அப்புறம் மேஜைக்குக் கீழே ஐந்து விரலைக் காட்டினார். ஜி.பே. பண்ணட்டுமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! "ரொக்கம் சார், ஒரு கவர்ல."

பெட்டிக்கடையில் கவர் கேட்டால் மொய்க் கவர்தான் இருந்தது, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினது. ஆக 5,001 ரூபாய். மங்களகரமாக!

கவரை நீட்டும்போது என் மனசில் என்ன ஓடியது என்றால், ஃபினாஃப்தலீன். சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் லேபில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீயும் நானும் ஒரே பியூரெட்டில் டைட்ரேஷன் செய்து, ரீடிங்கை நீ என்னைப் பார்த்து எழுதி, இரண்டு பேரும் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? லஞ்ச ஒழிப்புத் துறைக்காரர்கள் பொறி வைக்கும்போது நோட்டில் அந்தப் பொடியைத்தான் தடவிக் கொடுக்கிறார்கள். வாங்கினவன் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பு. நான் புகார் கொடுத்திருந்தால் அந்தக் கை சிவந்திருக்கும். கொடுக்கவில்லை. அலுவலகச் சுவரில், லஞ்சம் கேட்டால் இந்த எண்ணில் சொல்லுங்கள் என்று போர்டு இருக்கத்தான் செய்தது. அதன் மேல் ஒரு நகைக்கடைக் காலண்டர் தொங்கியது. தூக்கிப் பார்த்திருக்கலாம், என் கைக்கு எட்டுகிற உயரம்தான்.

பதினோராம் நாள் பட்டா வந்துவிட்டது. சர்வேயரும் வந்தார், நல்ல மனிதராகத்தான் இருந்தார். சங்கிலியெல்லாம் இல்லை, டேப்பும் புலப்பட நகலும் வைத்துக்கொண்டு சரியாக அளந்தார். மோர் கொடுத்தோம், குடித்தார். கவர் அவர் வரைக்கும் போனதா, டீக்கடையோடு நின்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உன் மருமகன் வக்கீல் ஆயிற்றே, அவரிடம் ஒரு சந்தேகம் கேட்கலாம் என்று இருந்தேன். நானே படித்துத் தெரிந்துகொண்டேன். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்களே, அதிலிருந்து கொடுக்கிறவனும் குற்றவாளிதான். ஏழு வருஷம் வரை சிறை. வேறு வழியில்லாமல் கொடுத்தேன் என்றால், ஏழு நாளைக்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். இதை நான் படித்தது ஒன்பதாம் நாள். முன்பே படித்திருந்தால் போயிருப்பாயா என்று உன் தங்கச்சி கேட்டாள். காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டேன். அந்த வேளாரைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரி காதில் விழுகிறது.

ஆனால் மாப்ளே, என்னை உறுத்துகிறது சட்டம் இல்லை. அன்றைக்கு ராத்திரி சும்மா ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பாய்க்கு 8,000. பட்டு நூல், கோரை, சாயம் எல்லாம் போக 6,000 நிற்கும் என்று வை. இரண்டு பேர், ஒரு மாத வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போனால்கூட இப்போது முந்நூறுக்கு மேல் கூலி. அந்த வீட்டில் செருப்பைத் தேடி நான் ஆயிரம் ரூபாய் குறைத்தேன். டீக்கடையில் ஐந்து விரலைக் காட்டினார், ஒரு விரலைக்கூட மடக்கச் சொல்லவில்லை. நாணயம் வேறு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விடிந்ததும் பத்தமடைக்கு ஃபோன் போட்டேன். "9,000-மே தருகிறேன்மா" என்றேன். கதையில் வருகிற மாதிரி வேண்டாம் என்று சொல்வார் என்று எனக்குள் ஒரு நினைப்பு. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். அந்த ஆயிரம் என் கணக்கு. நீ 8,000 அனுப்பினால் போதும், இதில் வாக்குவாதம் வேண்டாம்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் பெங்களூரில் வேலை மாறிவிட்டான். நம்ம செட்டில் இருவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியோடு சாயங்காலம் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். உன்னைக் கேட்கிறார்கள். அல்வா கேட்டிருந்தாய், உன் சுகர் ரிப்போர்ட்டை முதலில் அனுப்பு.

ஒரு அவசரம். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில், ஒற்று, கொம்பு, கால் எல்லாம் சரியாக எழுதி உடனே அனுப்பு. மாப்பிள்ளை வீட்டில் ஸ்ரீ போடுவார்களா, சிரீ போதுமா என்றும் கேட்டுக்கொள். அந்த அம்மா தாளில் இருப்பதை அப்படியே எண்ணி எண்ணித்தான் நெய்வாராம். நெய்த பிறகு ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க முடியாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்