ஜெற்றுக்குள் கம்பி விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர், வன்னியில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்கள் பெற்றோல் குடிக்கின்றன, புகை தள்ளுகின்றன, 2025 இல் வாகன இறக்குமதி திறந்துவிட்டதால் இனி அவற்றைக் கழித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். புகையும் உண்மை, குடிப்பதும் உண்மை. ஆனால் குற்றவாளியைத்தான் பிழையாகப் பிடித்துவிட்டார். என்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு இந்தத் தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் துணுக்காய்ப் பகுதியில் மருத்துவமாதுவாக வேலைசெய்து ஓய்வுபெற்றவள். ஊருக்கு 'மிசி'. முதலில் சைக்கிளில் திரிந்தேன். சமாதான காலத்தில் ஹொண்டா எம்டி 90 ஒன்று வாங்கினேன். யப்பானில் தபால்காரர் ஓட்டிக் கழித்து, சிவப்பு நிறம் மாறாமலே இங்கே வந்து இறங்கியவை அவை. அதை 2009 இல் நந்திக்கடல் பக்கம் விட்டுவிட்டு நடந்தேன். திரும்பிவந்து 2011 இல் இன்னொரு எம்டி 90 ஐத் துண்டு துண்டாக வாங்கிப் பொருத்தினேன். இன்றைக்கும் ஓடுவது அதுதான்.

கார்த்திகையில் கை விரலில் வெட்டுக்காயம். இரண்டு மாதம் மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நின்றது. தை பிறந்து உதைத்தால், சோக்கை இழுத்துப் பிடித்தால்தான் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது. கையை முறுக்கினால் ஓடும், விட்டால் அணையும். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரைத் தெரிந்த எவருக்கும் இது சின்ன ஜெற், அதாவது மெல்ல ஓடும்போது பெற்றோல் வரும் நுண்துளைத் துண்டு, அடைத்ததன் அறிகுறி. காபரேற்றரின் அடிக் கப்பில் கிடந்த பெற்றோல் வற்றிப் பிசினாகிவிட்டது, அவ்வளவுதான். விரல் இன்னும் மடங்காததால் தங்கச்சியின் மகனிடம் கொடுத்து நகரத்துக் கராஜ் ஒன்றுக்கு அனுப்பினேன். பின்னேரம் சிரித்த முகத்தோடு வந்தான். "பெரியம்மா, பழசு சரிவராதாம். புதுக் காபரேற்றர் போட்டாச்சு." 8,500 ரூபா.

எஞ்சின் அணையாமல் ஓடியது, மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் களப்பயணக் காலத்துப் பழக்கம் ஒன்று விடவில்லை: பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். லீற்றருக்கு 48, 50 கிலோமீற்றர் என்று போன கணக்கு 34 இல் வந்து நின்றது. பிளக்கைக் கழற்றினால் கரிச்சட்டியின் அடி. புதுக் காபரேற்றரின் உள்ளே பார்த்தேன். ஜெற்றில் எண்ணே இல்லை. பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் ஊசியில் கிளிப்பை மாட்ட ஒரு வெட்டுத்தான், ஆகவே ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது. எந்த எஞ்சினுக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது எந்த எஞ்சினுக்கும் சரியாகப் பொருந்தாதென்பதை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கராஜுக்குப் போய், கழற்றிய என் சாமானைத் தாருங்கள் என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி மூலையில் ஒரு எண்ணெய் வாளியைக் காட்டினான். வாளி நிறையக் காபரேற்றர்! பழைய இரும்புக்காரர் வரும்வரை கிடக்குமாம். என்னுடையதன் கப்பின் அடியில் 'ம' என்று கீறியிருக்கும், ஆகவே கண்டெடுத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் சின்ன ஜெற்றின் துளைக்குள் முறிந்த கம்பி. கிளச் கேபிளில் பிரித்தெடுத்த ஒற்றை இழை. விட்டுக் குத்தியிருக்கிறார்கள், அது முறிந்திருக்கிறது, பிறகுதான் 'பழசு சரிவராது' ஆகியிருக்கிறது.

ஜெற் என்பது பித்தளை. கேபிள் இழை உருக்கு. உருக்கால் பித்தளையைக் குத்தினால் எது தேயும்? கெய்ஹின் ஜெற்றில் 38 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 0.38 மில்லிமீற்றர் என்று பொருள். கம்பியால் நாலு தரம் உழக்கி அதை 0.42 ஆக்கினால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு ஐந்திலொரு பங்குக்கும் மேலே கூடிவிடும். கூடின வழியால் பெற்றோலும் கூடத்தான் போகும். கிரவல் வீதியில் பள்ளத்துக்குப் பள்ளம் விலத்தி மெல்ல ஓடும் எங்களுடைய எஞ்சின்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன ஜெற்றால்தான் குடிக்கின்றன. அந்த வாசகர் கண்ட கரும்புகையில் எத்தனை பங்கு மோட்டார் சைக்கிளின் வயது, எத்தனை பங்கு கிளச் கேபிள் என்று யாராவது பார்த்தார்களா?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது என் அண்ணை ஹொண்டா சி 90 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினார். அந்தக் கூத்தைக் காணாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே பெற்றோலைச் சின்ன மருந்துப் போத்தலில் பொன்போல வைத்திருந்து, காற்றுப் போகும் வாய்க்குள் நாலு துளி பீச்ச வேண்டும். நான் பீச்ச, அண்ணை உதைப்பார். சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெயை இழுக்கும். அணைந்தால் திரும்பவும் பீச்ச வேண்டும். அதனால் சந்தியில் ஆளைக் கண்டு அரைமணி நேரம் கதைத்தாலும் ஒருவரும் எஞ்சினை நிற்பாட்டுவதில்லை. மண்ணெண்ணெய் கரியும் பிசினும் படியவைக்கும். இரண்டு கிழமைக்கொரு தரம் முற்றத்தில் சாக்கு விரித்துக் காபரேற்றரைக் கழற்றுவார். கசியாமல் இடையில் வைக்கும் கஸ்கற் பழுதென்றால் கொப்பி மட்டையில் அச்சுப் பிடித்து வெட்டுவார். கசிந்தால் சவர்க்காரத்தை அப்புவார், பெற்றோலில் சவர்க்காரம் கரையாது. இவ்வளவு செய்தவர் ஒரு நாளும் ஜெற்றுக்குள் கம்பி விடவில்லை. கெட்டால் இன்னொன்றுக்கு எங்கே போவது? முல்லைத்தீவுக் கடற்காரரிடம் வாங்கிய மெல்லிய தங்கூசி (மீன்பிடி நைலோன் இழை) ஒன்று அவருடைய சாமான் பெட்டியில் சுருண்டு கிடக்கும். நைலோன் பித்தளையைக் கீறாது. அதைப் பெற்றோலில் நனைத்து விட்டு எடுப்பார், பிறகு சைக்கிள் பம்பால் ஊதுவார். ஜெற்றை வானத்துக்கு நேரே பிடித்து, துளை வட்டமாகத் தெரிந்தால்தான் பூட்டுவார்.

எனக்குக் கைவரப் பழக்கினவர் அண்ணை அல்ல, மல்லாவியில் ஒரு மரநிழலில் கராஜ் வைத்திருந்த பெரியவர். 2011 இல் என்னுடைய துண்டு துண்டு மோட்டார் சைக்கிளோடு வந்த காபரேற்றர் உப்புமண்ணில் கிடந்தது. கப்பைக் கழற்ற ஸ்குறூத் தலைகள் உருண்டுவிட்டன. உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. எறிவார் என்று பார்த்தேன். "மிசி, உடம்பு வெடிக்கேல்லை. பிறகென்ன?" என்றார். இரண்டு நாள் மினக்கெட்டார். அந்த இரண்டு நாளும் நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன், பிள்ளைப்பேற்றுக்கு ஆள் வந்து கூப்பிட்ட ஒரு மணி நேரம் தவிர.

முதலில் அவர் செய்தது, எதையும் கழற்றும் முன், காற்றின் அளவைத் திருத்தும் காற்று ஸ்குறூவை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணியது. ஒன்றரைச் சுற்று. சுவரில் கரியால் எழுதினார். இறுக்கித் திருகினால் அதன் நுனி இருப்பிடத்தைப் பிளந்துவிடும், முட்டினதும் நிற்பாட்ட வேண்டும் என்றார். ஊசியின் கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்பதையும் எழுதினார். கப்புக்குள் மிதக்கும் புளோட்டைத் தாங்கும் தண்டைத் தள்ளும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் அது நிற்கும் இரண்டு தூணில் ஒன்று முறிந்தால் முழுதும் குப்பை. புளோட்டைக் காதோரம் குலுக்கினார், உள்ளே பெற்றோல் புகுந்திருந்தால் சளசளக்கும். கப்புக்குப் பெற்றோலை அடைத்துத் திறக்கும் சின்ன ஊசியின் றப்பர் நுனியை எனக்குக் காட்டினார். அதில் நகத்தால் அமத்தினதுபோல ஒரு வளையம் விழுந்திருந்தது. அந்த வளையம் இருந்தால் அடைப்பு முழுதாக விழாது, இரவிரவாகப் பெற்றோல் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். றப்பர், ஓரிங் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் காபரேற்றர் கழுவும் மருந்து ஸ்பிறே அடித்தார், அந்த மருந்தில் றப்பர் பொம்மித்துப்போகும். அடிக்கும்போது தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டினார். ஒரு துளைக்குள் அடித்தால் இன்னொரு துளையால் கண்ணுக்குப் பாயும் என்று சொல்லி முடிக்கவில்லை, பாய்ந்தது. தேசிக்காய்ப் புளியில் அவித்தால் பளிச்சென்று வருமாமே என்று கேட்டேன். "வரும். பிறகு கறுக்கும். நீங்கள் காபரேற்றர் செய்யிறியளோ, ஊறுகாய் போடுறியளோ?"

பூட்டி முடித்துக் கப்பின் அடியில் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறினார். அந்த 'ம' அதுதான். அவர் இப்போது இல்லை.

அதற்குப் பிறகு நானேதான் கழற்றுகிறேன், பகலில், முற்றத்தில், குசினி அடுப்புக்குத் தூரத்தில். மாங்குளம் வீதியில் யானை நிற்கும் நேரங்களில் நடுவழியில் நின்றுபோகாத மோட்டார் சைக்கிள் எனக்கு மருந்துப் பெட்டியைப்போல முக்கியமாக இருந்தது. ஒருமுறை மாரி மழைக்குள் முறிகண்டியில் சரியாகக் கோயிலுக்கு முன்னால் அணைந்தது. கச்சான் விற்ற அம்மா, "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகப் பார்த்தியளோ" என்றா. கப்பின் அடியிலுள்ள சின்ன ஸ்குறூவைத் தளர்த்தினேன். முதலில் வந்தது பெற்றோல் அல்ல, தண்ணீர். அது போகவிட்டுத் திரும்பப் பூட்டி, தேங்காயும் உடைத்துவிட்டே போனேன்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 92 ஒக்ரேன் பெற்றோல் ஆனி மாதம் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது, பிறகு பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வீடு வீடாகச் சோடாப் போத்தலில் பெற்றோல் பதுங்கியது. மாதக்கணக்கில் நின்ற மோட்டார் சைக்கிள்களின் கப்பைத் திறந்தால் பனம்பாணி மாதிரி, மணம் மட்டும் வார்னிஷ். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஏழு காபரேற்றர் கழுவிக்கொடுத்தேன். ஒன்றுக்கும் புதுசு போடவில்லை. கனநாள் நிற்கப்போகிறதென்றால் தாங்கியிலிருந்து பெற்றோல் வரும் டாப்பை மூடிவிட்டுக் கப்பை வடித்துவிட வேண்டும். தை மாதம் நான் படிக்க வேண்டியிருந்த பாடமும் அதுதான். விரல் கட்டோடு இருந்த எனக்கு அந்த நினைவு வரவில்லை.

கராஜ் வைத்திருக்கும் பிள்ளைகளோடு எனக்குக் கோபம் இல்லை. ஒரு காபரேற்றரை ஒழுங்காகக் கழுவ இரண்டு மணி நேரம் போகும், அதற்குக் கூலி கேட்டால் "வெறும் கழுவலுக்கோ இவ்வளவு" என்று நாங்களே பேரம் பேசுகிறோம். புதுச் சாமான் போட்டால் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம். கழுவுகிற கூலியை மறுக்காமல் கொடுப்போம். பதிலுக்கு அவர்கள், கழற்றியதை ஒரு பையில் போட்டு உரியவர் கையில் கொடுக்கட்டும். தொழிற்பயிற்சி கொடுப்பவர்கள், இனி எல்லாம் காபரேற்றர் இல்லாத இன்ஜெக்ஷன்தானே என்று இந்தப் பாடத்தை விட்டுவிடாமல் இருந்தால் நல்லது. 2020 பங்குனியில் இறக்குமதி நின்ற நாள் தொடக்கம் ஐந்து வருடம் இந்த வன்னியைச் சுமந்தது காபரேற்றர் வண்டிதான். கிணற்றடியில் நிற்கும் தண்ணீர்ப் பம்பிலும் இருப்பது காபரேற்றர்தான்.

என்னுடையதற்குக் கடைசியில் தேவைப்பட்டது ஒரு சின்ன ஜெற், ஒரு ஓரிங். பழைய உடம்பைத் திரும்பப் பூட்டி, காற்று ஸ்குறூவை ஒன்றரைச் சுற்றில் விட்டேன். போன கிழமைக் கணக்கு 47 கிலோமீற்றர். 8,500 ரூபாக் காபரேற்றர் பொலித்தீன் பையில் தொங்குகிறது, பம்புக்குக்கூடப் பொருந்தவில்லை. தங்கூசி இரண்டு பாக நீளம் மிச்சம் இருக்கிறது. துணுக்காய்ப் பக்கம் வரும் மெக்கானிக் தம்பிமார் மிசி வீடு எதென்று கேட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமாது,
துணுக்காய்.